ஓர் இரவுக்குக் கால் மில்லிமீட்டர்

கருங்கடல் கரையில், கிரிமியாவின் ஃபியடோசியா நகரை ஒட்டி, தெப்பே-ஓபா என்றொரு மலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதியின் வன அதிகாரியாக இருந்தவர் ஃபிரெட்ரிக் ஸீபோல்ட். சரிவுகளில் மரம் நடுவதற்காக நிலத்தைத் திருத்தியபோது பெரிய பெரிய கற்குவியல்கள் வெளிப்பட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் சுட்ட மண்குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. ஊருக்குள் பழைய நீர்த்தொட்டிகள் இருந்தன. ஸீபோல்ட் மூன்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: இரவுக்காற்றின் ஈரம் கற்களில் பட்டு வியர்த்து, குழாய் வழியாக ஓடி, பண்டைக்காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்திருக்கிறது.

நம்பியதோடு அவர் நிற்கவில்லை. கட்டியே பார்த்துவிட்டார். 20 மீட்டர் அகலத்தில் கிண்ணம்போல ஒரு தரை, அதன்மேல் கடற்கரைக் கற்களைக் கொண்டு 6 மீட்டர் உயரக் குவியல். 1912-இல் அது வேலை செய்யத் தொடங்கியது. நல்ல நாளில் 360 லிட்டர் வரை கிடைத்ததாகப் பதிவு. சில ஆண்டுகளிலேயே அடித்தளம் விரிசல் விட்டு ஒழுகியதால் 1915-இல் கைவிட்டார்கள். பின்னாளில் தொல்லியலாளர்கள் வந்து தோண்டிப் பார்த்தபோது பழைய குவியல்களின் அடியில் இருந்தவை கல்லறைகள். குழாய்களுக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. 1930-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் தென்பகுதியில், த்ரான்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்ற ஊரில், அஷீல் நாப்பென் என்ற பெல்ஜியப் பொறியாளர் 14 மீட்டர் உயரத்துக்கு ஒரு கற்கோபுரம் எழுப்பினார். பத்தடித் தடிமனான சுவர், உள்ளே காற்று புகத் துளைகள். இரவுக்கு ஒரு வாளித் தண்ணீர் கிடைத்தாலே பெரிது என்றாயிற்று. கோபுரம் இன்றும் நிற்கிறது, பார்வையாளர்களுக்காக.

ஸீபோல்டின் தவறான அனுமானத்தில் ஓரளவேனும் தண்ணீர் கிடைத்தது. நாப்பெனின் கவனமான திட்டத்தில் அதுவும் இல்லை. இது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். இரண்டு பேரும் கனத்த கல்லை நம்பினார்கள். பனியோ கனத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது. ஏன் என்பதைக் கண்டறிந்தவர் அவர்களுக்கு நூறு ஆண்டுகள் முந்தியவர்.

வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் லண்டனில் மருத்துவர். 1814-இல் பனியைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூலுக்கு ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. உடல்நிலை மோசமாக இருந்தும் லண்டனுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இரவு முழுக்க விழித்திருந்து அவர் செய்த சோதனைகளுக்குத் தேவைப்பட்ட கருவிகள் கம்பளிப் பஞ்சு, தராசு, வெப்பமானி. அவ்வளவுதான். பத்துக் கிரெய்ன், அதாவது சுமார் முக்கால் கிராமுக்கும் குறைவான பஞ்சை ஒரு பலகையின் மேல்பக்கத்தில் வைத்தார். அதே அளவை அடிப்பக்கத்தில் ஒட்டினார். பலகை நான்கு முட்டுகளின் மேல் தரைக்கு உயரே நின்றது. காலையில் நிறுத்துப் பார்த்தால் மேலே இருந்த பஞ்சு 14 கிரெய்ன் கூடியிருந்தது, கீழே இருந்தது 4.

இதை வைத்து, பனி மேலிருந்து விழுகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? வெல்ஸ் அதற்கும் ஒரு சோதனை வைத்தார். மேலே திறந்த ஓர் உயரமான மண் உருளையைத் தரையில் நிறுத்தி, அதன் நடுவில் பஞ்சை வைத்தார். மழையைப்போல நேராக விழும் பொருளாக இருந்தால் உருளை அதைத் தடுக்காது. ஆனால் உள்ளே இருந்த பஞ்சில் ஏறிய ஈரம், வெளியே இருந்ததில் ஒரு சிறு பங்குதான். உருளையின் சுவர் மறைத்தது மழையை அல்ல, வானத்தை. வானம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஒரு பொருள் தன் வெப்பத்தை மேல்நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட அது குளிர்ந்துபோகிறது. அதைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே துளியாகிறது. குளிர்ச்சி முதலில், பனி பிறகு. வெல்ஸுக்கு முன்பு பலரும் இதைத் தலைகீழாக நினைத்திருந்தார்கள்.

இதே நூலில் அவர் நம் நாட்டுப் பழக்கம் ஒன்றையும் விளக்குகிறார். வட இந்தியாவில், காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும் இரவுகளிலேயே, வைக்கோல் பரப்பிய பள்ளத்தில் அகலமான மண்சட்டிகளில் நீரை வைத்துப் பனிக்கட்டி எடுப்பார்கள். அலகாபாத்தில் அது நடப்பதை ராபர்ட் பார்க்கர் 1775-இல் எழுதியிருந்தார். வைக்கோல் தரையின் வெப்பம் ஏறிவராமல் தடுக்க, சட்டியின் மெல்லிய நீர் தெளிந்த வானத்துக்குத் தன் வெப்பத்தை விட்டுவிட்டு உறைகிறது. அந்தச் சட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது நாப்பெனுக்குத் தெரியவில்லை: பரப்பு மெல்லியதாக இருக்கவேண்டும், அடியில் சூடு சேமித்துவைத்த பொருள் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. பகலெல்லாம் வெயில் குடித்த பத்தடிச் சுவர் விடியும்வரை அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். காற்றில் தனியாக நிற்கும் ஒரு புல்லிதழோ சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே குளிர்ந்துவிடும்.

பனி பிடிக்க ஏற்ற கருவி, ஆக, இலைதான். ஆனால் எவ்வளவு பிடிக்கும்?

இதற்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது, அதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிராம் நீராவி துளியாகும்போது ஏறத்தாழ 2,500 ஜூல் வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பமும் வானத்துக்குப் போயாகவேண்டும். இல்லையென்றால் இலை சூடாகிப் பனி நின்றுவிடும். மேகமில்லாத இரவில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நிகரமாக இழப்பது 60 முதல் 100 வாட். 70 என்று வைத்துப் பத்து மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 25 லட்சம் ஜூல், அதாவது ஒரு லிட்டர் நீர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை. காற்று தன் சூட்டையும் கொண்டுவந்து கொட்டுவதால் அதுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. மிகச் சிறந்த இரவில் 0.8 மில்லிமீட்டர் கிடைக்கலாம். பெரும்பாலான இடங்களில், பெரும்பாலான இரவுகளில், 0.1-இலிருந்து 0.3-க்குள். இயற்பியல் வைத்த இந்த வரம்பை எந்தக் கோபுரமும் தாண்ட முடியாது. காற்றிலிருந்து செலவில்லாமல் ஊருக்கே தண்ணீர் என்று யாராவது விற்க வந்தால் முதலில் கேட்கவேண்டியது, பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்பதைத்தான்.

இனி நெகேவ் பாலைவனத்துக்குப் போவோம். இஸ்ரேலின் தெற்கே, மத்தியதரைக் கடலிலிருந்து அதிக தூரமில்லாத மேட்டுநிலம். மழை ஆண்டுக்கு 100 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதுவும் குளிர்காலத்தில் மட்டும். கோடையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் மாலையில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், இரவில் வானம் தெளிந்திருக்கும். மிக்கேல் எவெனாரி என்ற தாவரவியலாளர் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். 1950-களின் இறுதியிலிருந்து அவரும் கூட்டாளிகளும் அவ்தாத் என்ற இடத்தில், நபத்தியர் என்ற பண்டைய மக்களின் பண்ணையைத் திரும்ப உயிர்ப்பித்து அங்கேயே அளவீடுகளும் செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 195 இரவுகளில் பனி, மொத்தத்தில் 33 மில்லிமீட்டர் அளவு. மழை பொய்க்கும் ஆண்டிலும் பனி பெரிதாகப் பொய்ப்பதில்லை.

அளந்த விதமும் சொல்லத்தக்கது. ஷ்முவேல் துவ்தேவானி வடிவமைத்த பனிமானி என்பது சிவப்பு வண்ணம் பூசிய ஒரு மரக்கட்டை: 32 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். மாலையில் அதைத் திறந்தவெளியில் வைத்துவிட்டு, விடியுமுன் போய், அதன்மேல் துளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். பொடிப்பொடியான புள்ளிகளா, ஒன்றோடொன்று சேர்ந்த பெருந்துளிகளா, ஓடத் தொடங்கிவிட்டதா? கையிலுள்ள நிழற்படங்களோடு ஒப்பிட்டு, எந்தப் படத்தோடு பொருந்துகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். வெயில் ஏறிவிட்டால் அளவு போய்விடும். ஆகவே பனியை ஆராய்பவருக்கு விடியற்காலைத் தூக்கம் கிடையாது.

நெகேவிலும் கற்குவியல்கள் உண்டு! சரிவுகளில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில். 1870 வாக்கில் அங்கே பயணம் செய்த எட்வர்ட் பால்மர், பெதூயின்கள் அவற்றைத் திராட்சை மேடுகள் என்று சொல்வதாகக் குறித்துவைத்தார். திராட்சைக் கொடிகளுக்கு இரவில் பனி பிடித்துக் கொடுக்கத்தான் கல்லைக் குவித்தார்கள் என்று பின்னால் சிலர் விளக்கம் எழுதினார்கள். எவெனாரி குழு சரிவுகளில் கல்லைப் பொறுக்கியும் பொறுக்காமலும் ஓடும் நீரை அளந்தது. கல் நீக்கிய வெற்றுமண்ணில் மழை பட்டதும் மேல்மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் கீழே உள்ள வயலுக்கு ஓடுகிறது. குவியல்கள், அவர்கள் முடிவுப்படி, பொறுக்கிய கல்லைக் கொட்டிய இடங்கள். நபத்திய விவசாயி நம்பியது மழையைத்தான்.

அப்படியானால் அந்த 33 மில்லிமீட்டரை யார் குடிக்கிறார்கள்?

முதலில் லைக்கன்கள். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் உயிர். நெகேவின் கற்களில், முக்கியமாக வடக்கு நோக்கிய சரிவுகளில், ரமலினா மாசிஃபார்மிஸ் என்ற லைக்கன் சிறு புதராக வளர்கிறது. வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஓட்டோ லாங்கே அவ்தாத்தில் அதன் மூச்சை அளந்தார். உயிருள்ள லைக்கனைச் சிறிய கண்ணறையில் வைத்து, உள்ளே போகும் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு, வெளிவருவது எவ்வளவு என்று இரவும் பகலும் கணக்கெடுத்தார்.

பகலில் அது காய்ந்த சருகு; மூச்சே இல்லை. இரவில் பனி படப்பட உடல் நனைந்து விழிக்கிறது. விழித்ததும் முதல் வேலை செலவு: இருட்டில் ஒளிச்சேர்க்கை கிடையாது, சேர்த்துவைத்த உணவை எரித்து மூச்சு விடுகிறது. கீழ்வானம் வெளுத்ததும் வரவு தொடங்குகிறது. சூரியன் எழுந்து கொஞ்ச நேரத்தில் ஒளிச்சேர்க்கை உச்சத்துக்குப் போய், வெயில் ஏற ஏற ஈரம் குறைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு துண்டுக் காலையில் சம்பாதித்தது இரவுச் செலவைத் தாண்டினால் அன்றைக்கு லாபம். வடக்குச் சரிவில் நிழல் நீடிப்பதால் ஈரம் இன்னும் கொஞ்சம் நிற்கும். லைக்கன் அங்கே செழிப்பதற்கு அது ஒரு காரணம்.

லாங்கே பின்னர் இன்னொன்றும் கண்டார். பச்சைப்பாசியைக் கூட்டாளியாக வைத்திருக்கும் லைக்கன்களுக்குத் துளிகூட வேண்டாம். காற்றின் ஈரப்பதம் போதிய அளவு உயர்ந்தாலே ஆவியை உறிஞ்சி ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நீலப்பச்சைப் பாசியை வைத்திருப்பவையோ திரவ நீர் படாமல் அசையாது.

அடுத்தது ஒரு மாஸ் தாவரம், சின்ட்ரிக்கியா கேனினெர்விஸ். சீனாவின் குர்பான்துங்குத் பாலைவனத்திலும் அமெரிக்காவின் மொஹாவியிலும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காய்ந்திருக்கும்போது இலைகள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கருத்துப்போயிருக்கும். ஒரு சொட்டு விட்டால் சில நொடிகளில் முறுக்கு அவிழ்ந்து பச்சைநிற நட்சத்திரமாக விரியும். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு வெள்ளை மயிர், நீளம் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர். 2016-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த மயிரை உயர்வேக ஒளிப்படக் கருவியின் முன் வைத்துப் பார்த்தார்கள். மயிரின் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரியாத வரிப்பள்ளங்கள். அவற்றில்தான் நீராவி முதலில் ஒடுங்குகிறது. பக்கவாட்டில் நுண்ணிய முட்கள். மூடுபனியின் துகள்கள் அங்கே திரள்கின்றன. துளி ஓர் அளவுக்கு வளர்ந்ததும் சட்டென்று இலைப்பக்கம் இழுபடுகிறது. இத்தனைக்கும் இதற்கு நீர் உறிஞ்சும் வேர் கிடையாது. அடியில் உள்ள இழைகள் மண்ணைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. 14 மீட்டர் கோபுரம் தோற்ற வேலையை 2 மில்லிமீட்டர் மயிர் செய்கிறது, தனக்கு வேண்டிய அளவுக்கு.

பூக்கும் செடிகளின் கதை இத்தனை எளிதல்ல. வறண்ட நிலத்துச் செடியின் இலையில் மெழுகு தடித்திருக்கும். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் காக்கும் அந்த மெழுகு, வெளிநீரையும் உள்ளே எளிதில் விடாது. ஆனாலும் முழு அடைப்பு இல்லை. இலையின் உட்புறம் எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு பலமாக அது நீரை இழுக்கும். மெழுகுப் படலத்தின் வழியாகவும், இலைத்துளை ஓரமாகவும், சிலவற்றில் தனி வாசல் வழியாகவும் கொஞ்சம் நுழைகிறது. நமீப் பாலைவனத்தின் கிராசுலா இனங்கள் சிலவற்றில் இலைப்பரப்பில் உள்ள நுண்துளைகள், அதாவது ஈரநிலத்துச் செடிகள் மிகுநீரை வெளியேற்றப் பயன்படுத்தும் அதே வகை உறுப்புகள், பனியை உள்ளே எடுக்கப் பயன்படுகின்றன.

நெகேவின் செடிகள் பனியைக் குடிக்கின்றனவா என்று இப்போது ஐசோடோப்பு முறையில் கேட்கிறார்கள். பனியிலும் மண்நீரிலும் கன ஹைட்ரஜன், கன ஆக்சிஜனின் விகிதம் வேறுபடும். தண்டின் நீரைப் பிழிந்து பார்த்தால் எந்த ஊற்றிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். அப்படிப் பார்த்தபோது சில நெகேவ் செடிகளில் பனியின் பங்கு தெளிவாகவே தெரிந்தது.

என் கணிப்பில், உள்ளே போகும் பனியைவிட இலைமேல் நிற்கும் பனிதான் பெரும்பாலான செடிகளுக்கு அதிகம் உதவுகிறது. காலையில் வெயில் பட்டதும் அந்த வெப்பம் முதலில் துளிகளை ஆவியாக்குவதில் செலவாகிறது. இலை சூடேறுவதில்லை. சுற்றியுள்ள காற்று ஈரமாக இருப்பதால் இலைத்துளைகளைத் திறந்தாலும் செடியின் சொந்த நீர் அதிகம் போகாது. வெளிச்சம் உண்டு, நீரிழப்பு இல்லை: பாலைவனச் செடிக்கு இப்படி ஒரு மணி நேரம் வேறெப்போதும் வாய்க்காது. இதில் ஒரு தடங்கலும் இருக்கிறது. துளை மேலேயே நீர்ப்படலம் நின்றால் கார்பன் டைஆக்சைடு உள்ளே வருவது முடங்கிவிடும், நீரினூடே அது காற்றைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால். துளைகள் இலையின் அடிப்பக்கம் இருந்தால் கவலையில்லை. வெல்ஸின் பலகையில் பார்த்தபடி அடிப்பக்கம் பனி குறைவு.

நம் காவிரிப் படுகையிலும் பனியை நம்பும் பழக்கம் ஒன்று உண்டு. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அதன்பின் பாய்ச்சல் இல்லை. பனியிலேயே விளையும் என்பது பேச்சு. கணக்குப் போட்டால், 65 நாள் பயிர் நாளுக்கு 2 மில்லிமீட்டர் என்று குறைத்து வைத்தாலும் 130 மில்லிமீட்டர் கேட்கும். இரவுக்கு 0.2 வீதம் பனி தருவது 13. மீதியெல்லாம் களிமண் பிடித்துவைத்த சம்பா ஈரம். அந்தப் பனியிலும் ஒரு பகுதி அதே மண்ணிலிருந்து கிளம்பி இலையின் அடியில் ஒடுங்கிய ஆவி. இங்கிலாந்தில் ஜான் மான்டீத் 1957-இல் காற்றிலிருந்து வரும் பனியையும் மண்ணிலிருந்து வரும் பனியையும் பிரித்துக் காட்டினார். விடிகாலை நெல்லிலையின் நுனியில் முத்துப்போல நிற்கும் ஒற்றைத் துளியோ பனியே இல்லை. வேர் அழுத்தத்தால் செடி தானே வெளியேற்றிய நீர். பனி இலைப்பரப்பெங்கும் பொடியாகப் படியும். செடி கசியவிட்டது நுனியிலோ விளிம்பிலோ வரிசையாக நிற்கும்.

கொண்டைக்கடலைக் கொல்லையில் விடியலில் நடந்தால் கால் எரியும். இலையின் சுரப்பி மயிர்கள் மாலிக், ஆக்சாலிக் அமிலங்களைக் கசியவிட, பனி அதைக் கரைத்துவைத்திருக்கும். இரவில் செடிகளின்மேல் வெள்ளைத்துணியை விரித்து, காலையில் பிழிந்து எடுக்கும் நீருக்குக் கடலைப்புளிப்பு என்று பெயர்; செரியாமைக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். நெல்லுக்கு அதே பனி பகை: இலை பல மணி நேரம் நனைந்தே கிடந்தால் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும்.

ஈரம் எவ்வளவு என்பதோடு எத்தனை நேரம் என்பதும் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கடுமையான சோதனை நடந்தது. ஸாஷா ரீடும் குழுவினரும் 2012-இல் அதை வெளியிட்டார்கள். பருவநிலை மாறினால் கோடையில் சிறுதூறல்கள் அடிக்கடி வரலாம் என்ற கணிப்பின்படி, சின்ட்ரிக்கியா படர்ந்த பாலைமண்ணில் கோடைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் 1.2 மில்லிமீட்டர் நீரை அடிக்கடி தெளித்தார்கள். பனியைவிடப் பல மடங்கு அதிகம். மாஸ் செழிக்கவில்லை, மடமடவென்று செத்தது. தூறல் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து விழித்துக்கொள்ளும், மூச்சுக்கும் பழுதுபார்ப்புக்கும் சேமிப்பைச் செலவழிக்கும், போட்டதைத் திரும்ப எடுப்பதற்குள் கோடைவெயில் உலர்த்திவிடும். ஒவ்வொரு தூறலும் நஷ்டத்தில் முடிந்தது. அதே 1.2 மில்லிமீட்டர் குளிர்ந்த மாதத்தின் இரவில் பட்டிருந்தால், மறுநாள் முற்பகல் வரை ஈரம் நின்றிருக்கும்.